இரண்டாவது கம்ப்ரசர்

மூன்று விலைப்பட்டியல்கள்.
மூன்றிலும் அதே வெள்ளைப் பெட்டி, அதே மைனஸ் முப்பது.
விற்க வந்த சியா சூன் ஹோ
தொடுதிரையைக் காட்டினார், புற ஊதா விளக்கைக் காட்டினார்,
கோப்பி வாங்கித் தந்தார்.
கெட்டுப்போனால் யார் வருவார்,
எங்கிருந்து, எத்தனை மணி நேரத்தில் என்றேன்.
கோப்பியைக் கலக்கிக்கொண்டே இருந்தார்.

விடுப்பு எடுத்து, பஸ் ஏறி
தைப்பிங் போனேன்.
எட்டு வருடமாய் ஒன்றோடு மல்லுக்கட்டும் நோர்ஹயாத்தியிடம்
இதன் நல்லதைச் சொல்லாதே என்றேன்.
சிரித்தாள். கையுறையைக் கழற்றிவிட்டு
விரல்விட்டு எண்ணத் தொடங்கினாள்.
ஏழாவது விரலில் வந்தது எனக்கு வேண்டியது:
திசுவைப் பிடிக்கும் தலைக்குத் தனிக் குளிர் இல்லை;
கொழுப்பு வந்தால் கஞ்சிதான்.

"இரண்டாவது கம்ப்ரசர் அவசியம்" என்று எழுதிக் கொடுத்தேன்.
கணக்காளர் சிவப்பு மையில் வட்டமிட்டார்:
பதினெட்டாயிரம் ரிங்கிட். ஒன்று போதாதா?
சிறுநீரகம்கூட ஒன்று போதும், ஐயா
என்று எழுதி, அடித்து,
"மார்பகத் திசு, கொழுப்பு மிகுதி" என்று மாற்றினேன்.

வந்து சேர்ந்தது.
வடிகட்டியை மாதம் ஒருமுறை துடை என்கிறது கையேடு.
எழுதியவர் கூலிமுக்கு வந்ததில்லை,
செம்பனை ஆலை புகையும் வாரத்தில் மூச்சு விட்டதில்லை.
எனக்கு வெள்ளிதோறும் ஒரு பழைய பல்துலக்கி.
மாலையில் சீவல் செத்தையைக் கூட்டி
ஆல்கஹால் துணியால் உள்ளே துடைப்பேன்.
தண்ணீர் ஆகாது, உறையும். குளோரின் ஆகாது, எஃகைத் தின்னும்.
கத்தியை எடுத்த பிறகே கையை விடு:
இது கையேட்டிலும் இருக்கிறது,
என் இடது கட்டைவிரலிலும், வெள்ளைக் கோடாய்.

அந்தப் புதன்கிழமை எட்டு நாற்பதுக்கு ஓர் இடி.
பதினோரு நொடி இருட்டு, பிறகு ஜெனரேட்டர்.
குளிர் அசையவில்லை. நானும் அசையவில்லை.

பத்தரைக்கு மேல்மாடியிலிருந்து டப்பா வந்தது.
பெயர் இல்லை. ஓர் எண்,
"இடது, மேல் விளிம்பு."
மஞ்சள் கொழுப்பு, கட்டைவிரல் அளவு.
பசையில் அமர்த்தி, உறையவிட்டு, கைப்பிடியைச் சுற்றும்போது
பெட்டி ஒரு பெருமூச்சு விட்டது.
பனி நீக்கும் நேரமாம்.
இடியில் அதன் கடிகாரம் சுழியத்துக்குத் திரும்பியிருந்தது.
அதன் கணக்கில் அது அதிகாலை இரண்டு மணி,
யாரும் இல்லாத ஆய்வகம்.

இருபது. பதினேழு. பதின்மூன்று.
தூரிகை முனையில் சீவல் ஈர நூலாய்ச் சுருண்டது.
டாக்டர் ஃபௌசியா நுண்ணோக்கியின் முன்
கைகட்டி உட்கார்ந்திருந்தார். ஒன்றும் கேட்கவில்லை.
கேட்டிருக்கலாம்.

தலை மட்டும் மைனஸ் இருபத்தாறில் நின்றது,
தன் சொந்தக் குளிரில், பிடிவாதமாய்.
நிறுத்தும் பொத்தானை அழுத்தினேன்.
ஃப்ரீஸரில் கிடந்த மாற்றுக் கத்தியைப் பூட்டினேன்.
முதல் சீவல் கிழிந்தது, இரண்டாவதும்.
மூன்றாவது
கண்ணாடியில் தட்டையாய் அமர்ந்தது.
நீலம், பிறகு இளஞ்சிவப்பு.
பதினெட்டு நிமிடம்.

"விளிம்பில் ஒன்றுமில்லை," ஃபௌசியா தொலைபேசியில்.
மேலே யாரோ தையலைத் தொடங்கியிருப்பார்கள்.

மாலையில் உருகுநீர்ப் புட்டியில் கிருமிநாசினி விட்டுக் கொட்டினேன்.
கடிகாரத்தைச் சரியாக்கினேன்.
மாஸ்கிங் டேப்பில் எழுதி நெற்றியில் ஒட்டினேன்:
இடி இடித்தால் முதலில் மணியைப் பார்.
கணக்காளருக்கு எதுவும் எழுதவில்லை.

மறுநாள் காலை டேப்பின் ஒரு முனை
ஈரத்தில் கழன்று தொங்கியது.
இன்னொரு துண்டு கிழித்தேன்.