நூற்று அறுபத்திரண்டாம் பக்கம்

"நல்லதாய் ஒரு விஞ்ஞானக் கதை சொல்லுங்கோ"
என்று கேட்பார்கள், போன் திருத்த வருகிறவர்கள்.
உடைந்த திரையை நான் கழற்றும்வரை
அவர்களுக்கும் வேறு வேலை இல்லை.

ஆளைப் பார்த்துத்தான் சொல்வேன்.
வங்கிக்காரருக்கு, மழைக்கு வரி போட்ட நகரம்.
கம்பஸ் பெடியளுக்கு, இருநூறு வருசம் கடிதம் சுமக்கும் கப்பலில்
தனியே விழித்திருக்கிற கிளாக்கர்.
காதல் முறிந்தவர்களுக்கு
ரோபோ வருகிற எதுவும் வேண்டாம்.

ஒன்றை மட்டும் ஒருவருக்கும் சொன்னதில்லை.

தொண்ணூற்றைந்து.
மின்சார நிலைய வீதியில் மின்சாரம் இல்லை.
ஜாம் போத்தலுக்குள் ஒரு விரல் மண்ணெண்ணெய், பஞ்சுத் திரி.
அந்த வெளிச்சத்தில் வாசித்தேன்
வானமே விளம்பரமாய் எரிகிற ஒரு பட்டினத்தை.
அங்கே ஒருத்தி தன் குரலைக் கொம்பனியிடம் அடகு வைக்கிறாள்.
பிறகு அந்தப் பட்டினத்து லிப்ற் எல்லாம்
அவள் குரலில் மாடி சொல்லும்.
அவள் ஊமை.
படியேறித்தான் போவாள்.

கொம்பியூட்டரை நான் கண்டதில்லை. லிப்றையும்தான்.
அகராதி அதை 'உயர்த்தி' என்றது, போதவில்லை.
ஆனால் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து
டைனமோ சுற்றி றேடியோ கேட்கிற ஊரில்
தலைக்குள் வயர் செருகுவது
பெரிய அதிசயமாய்த் தெரியவில்லை.
இவர்களும் எங்களைப்போல
கிடைத்ததைக் கிடைத்ததோடு பொருத்துகிறார்கள்,
அவ்வளவுதான் என்று நினைத்தேன்.

கொன்சலற்றாவுக்குப் பொறுமை இல்லை.
ரியூசன் கொட்டிலுக்குப் பின்னால் வைத்து
பிளேட்டால் புத்தகத்தின் முதுகைக் கீறினோம்.
நூற்று அறுபத்திரண்டு மட்டும் எனக்கு.
மிச்சம் அவளுக்கு.
ஞாயிறு மாற்றுவதாகப் பேச்சு.

அட்டையும் என் பங்கு,
மண்டையில் வயர் போகிற பெண்.
சோதனைக்கு மறிப்பவனுக்கு என்ன சொல்வது?
பிறவுன் பேப்பர் உறை போட்டு
'விவசாய விஞ்ஞானம், ஆண்டு 11' என்று எழுதினேன்.

ஞாயிற்றுக்கு முன்னம் ஒரு திங்கள் வந்தது.
இரவோடு இரவாய்
ஊரே நாவற்குழிப் பாலத்தால் நடந்தது. மழை.
என் பையில் அரிசி, அடையாள அட்டை, விவசாய விஞ்ஞானம்.

பிறகு திரும்பி வந்தோம். கரண்ட் வந்தது.
கொம்பியூட்டர் வந்து எனக்குச் சோறு போட்டது.
முதற்பாதியை எத்தனை தரம் வாசித்தேனோ.
ஒவ்வொரு தரமும் அவள் படியில் நிற்கிறாள்
ஒரு கால் தூக்கியபடி.
வாக்கியம் 'கதவு திறந்தபோது அவள்' என்பதோடு தாள் முடிகிறது.

அந்தக் கதை நடக்கிற வருசமே கடந்து போயிற்று.
அதில் வருகிறவர்கள்
தெருவோரப் பெட்டியில் இன்னும் காசு போட்டு ரெலிபோன் எடுக்கிறார்கள்.
வாசிக்கும்போது சிரிப்பு வரும்,
பிறகு அந்தக் காசு விழுகிற சத்தத்துக்காகவே
அந்தப் பக்கத்துக்குப் போவேன்.

முழுப் புத்தகமும் போனிலேயே இறக்கலாம்.
இறக்கவில்லை.
ஏன் என்றால் மறுமொழி இல்லை.

போன கிழமை, புதுக் கடைத்தொகுதியின் லிப்ற்.
ஒரு பெண்குரல் சொன்னது, மூன்றாம் மாடி.
பக்கத்தில் நின்றவள் தனக்குத்தானே சொன்னாள்:
"பாவம், இன்னும் மீட்கேல்லைப் போல."

கண்ணாடி, நரை, கையில் மருந்துப் பை.
கொன்சி.

"அவள் ஏன் அதை அடகு வைச்சவள்?"
நலம்கூட விசாரிக்காமல் கேட்டாள்.
"என்ரை பாதியில வரேக்கையே ஊமை.
இருபத்தெட்டு வருசமாய் யோசிக்கிறன்."

நான் சொல்ல வாயெடுத்தேன்.
"வேண்டாம். சொல்லாதை. வாசிக்கத் தா.
நீயும் மிச்சத்தை வாசி, நல்ல கதை"
என்றாள்,
யாரோ புது ஆளுக்குச் சொல்வதைப் போல.

நாளைக்குக் கடைக்கு வருவாள்.
'இன்னும்' என்று அவள் சொன்ன ஒரு சொல்
ஆறு இரவாய் நித்திரை கெடுக்கிறது.
அப்படியென்றால் மீட்கலாமோ?

கறையான் தட்டி, எடுத்து வைத்திருக்கிறேன்.
உறையை மாற்றவில்லை.
விவசாய விஞ்ஞானமாகவே இருக்கட்டும்.