அறுபது விநாடி

‘ழ’ சொல்ல நாக்கை மடித்த இடத்தில்
உறைந்துபோனேன்.
லெஸ்டரில் ஆறு பிள்ளைகள்
என் திறந்த வாயைப் பார்த்துக்கொண்டிருக்க
முருகேஷ்பாளையாவில் நான்
டீபாய் மேல் ஏறி
ரௌட்டரைத் தட்டிக்கொண்டிருந்தேன்.

முதலில் கீழ்வீட்டு மைக்ரோவேவைச் சந்தேகித்தேன்.
ஒடியாப் பையன்கள் பாப்கார்ன் பொரிக்கிறார்களா என்று
மாடிப்படியில் நின்று மோப்பம் பிடித்தேன்.
அப்புறம் மீன்தொட்டி.
தண்ணீர் அலையைக் குடித்துவிடும் என்று யாரோ சொன்னார்கள்.
தள்ளி வைத்தேன்.
ஒரு மீன் செத்தது. வேறு மாற்றமில்லை.
வீட்டுக்காரர் நஞ்சுண்டப்பாவிடம்
எல்லா நோய்க்கும் ஒரே மருந்து:
“ஆஃப் மாடி, ஆன் மாடி.”
பதினெட்டு முறை மாடினேன்.

பிறகு, வழக்கம்போல, ஞானசீலன்.

ஒழுங்காய் ஓடிக்கொண்டிருந்த பெட்டி.
கம்பெனி கொடுத்த மென்பொருளை வழித்தெறிந்துவிட்டு
ஒரு ஞாயிறு முழுக்கக் குனிந்து உட்கார்ந்து
வேறொன்றை அதற்குள் ஊற்றினான்.
“இப்பதான் இது நம்மளுது” என்றான்.
எனக்கென்னவோ
அன்றிலிருந்துதான் அது
யார் பேச்சையும் கேட்காமல் போனது.

இப்போது அவன் புனேயில், இரண்டு வார வேலை.
கிளம்பிய காலை சண்டை.
பாதி வாக்கியத்தில் லிஃப்ட் கதவு மூடிக்கொண்டது.
ஒன்பதாம் நாள்
ரௌட்டரின் கடவுச்சொல் மட்டும் கேட்டு அனுப்பினேன்.
நான் விற்றுவிட்ட ஸ்கூட்டியின் நம்பர் வந்தது.
அதற்கு மேல் அவனும் எழுதவில்லை.

கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து.
விடைத்தாள் திருத்திய கண்ணால்
கீழிருந்து மேலாகப் படித்துக்கொண்டு போனேன்.
வந்தது, இணைந்தது, போனது,
வந்தது, இணைந்தது, போனது.
நடுவே ஒரு வரி,
சனிக்கிழமை மாலை ஐந்து நாற்பத்திரண்டுக்கு:
ராடார் தென்பட்டது.

ஜன்னலுக்கு வெளியே
பழைய விமான நிலையத்தின் மேல்
எதுவோ வானத்தைக் கிழித்துக்கொண்டு போனது.
அதுதானா, தெரியாது.

தேடிப் பிடித்துப் புரிந்துகொண்ட வரையில்
நூறாம் சேனலின் சட்டம் இது:
அது ராடாரின் வீடு. நீ ஒண்டுக்குடித்தனம்.
அது செருமினால்
சொல்லிக்கொண்டிருந்த சொல்லை அப்படியே போட்டுவிட்டு
வெளியேறு.
அரைமணி நேரம் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்காதே.
திரும்பி வந்தால்
முதலில் அறுபது விநாடி
ஒன்றும் பேசாமல் கேள்.
யாரும் இல்லை என்று தெரிந்த பிறகுதான்
உன் பெயரையே சொல்லலாம்.

பழைய மென்பொருள் இந்தப் பக்கம் வந்ததே இல்லை.
முப்பத்தேழு வைஃபைகள்
ஒன்றன் கழுத்தை ஒன்று நெரிக்கும் தெருவில்
என் வகுப்புக்கென்று
காலி இடம் ஒன்று தேடியிருக்கிறான்.
சொல்லவில்லையே.
சொன்னானோ என்னவோ.
அன்று குக்கர் கத்திக்கொண்டிருந்தது.

நாற்பத்துநான்குக்கு மாற்றிச் சேமித்தேன்.
நெரிசல்தான். மூன்றாம் வீட்டு சீரியலும்
எதிர்வீட்டு கேமராவும் இடிக்கின்றன.
ஆனாலும் யாருக்கும் எழுந்து இடம் விட வேண்டியதில்லை.
வாழை, கோழி, புழு, தாழ்ப்பாள்:
நாற்பது நிமிடம் அறுபடாமல் நடத்தினேன்.
“மிஸ், அன்னிக்கு நீங்க கொட்டாவி விட்டீங்களா?”
என்றாள் ஒருத்தி.

இரவு பதினொன்றுக்கு போன்.
எடுத்தேன். சத்தமில்லை.
கட்டாகிவிட்டதென்று பார்த்தால்
விநாடிகள் ஓடிக்கொண்டுதான் இருந்தன.
தூரத்தில் ஒரு ஃபேன்.
நானும் வாயைத் திறக்கவில்லை.
முப்பது, முப்பத்தைந்து…

நாற்பத்தொன்றில் கேட்டான்:
“சேனல மாத்திட்டியா?”