சிவப்புப் பெயிண்ட்

பஞ்சாயத்து ஆபீஸில் கொடுத்தது
ஒரு லிட்டர் சிவப்பு, ஒரு பிரஷ்,
நாலு அடிபைப்புகளின் பட்டியல்.
மூன்றாவது எங்கள் தெருப் பைப்பு.

தண்ணீர் அடித்து ஒரு வாய் குடித்துவிட்டுத்தான்
டப்பாவைத் திறந்தேன்.
பழக்கம்.

"எந்தக் கட்சிக்கு?" என்றான்
சைக்கிளில் போன தாமோதரன்.
ஃப்ளோரைடு என்றேன்.
ஜெயிக்கட்டும் என்று போய்விட்டான்.

போன மாதம் பென்னாகரம் முகாமில்
எக்ஸ்ரேயை ட்யூப்லைட்டுக்கு நேரே தூக்கி
பேனா முனையால் தொட்டுக் காட்டினார் டாக்டரம்மா.
"இங்க, இங்க, அப்புறம் இந்த முதுகுத்தண்டு.
ரொம்ப வருஷமாவே இருக்கு, தீர்த்தகிரி."
ரொம்ப வருஷமாக.
அப்படியென்றால்
முந்தாநாள் ராகி மூட்டைகளை
லாரியில் ஏற்றியவன் எவன்?

ஏறும்போது எத்தனை படி என்று பார்க்கவில்லை.
இறங்கும்போது எண்ணினேன். பதினொன்று.
பஸ்ஸில் ஒரு பொண்ணு எழுந்து இடம் கொடுத்தது.
உட்கார்ந்துவிட்டேன்.

அன்றிலிருந்து உடம்பு பேசிக்கொண்டே இருக்கிறது.
குனிந்தால் ஒரு வார்த்தை,
நிமிர்ந்தால் இரண்டு.
முன்பும் பேசியிருக்கும்.
பக்கத்து வீட்டு டிவி மாதிரி
காதில் விழுந்ததே ஒழிய, கேட்டதில்லை.

பச்சியம்மாளும் இதே தண்ணீர்தான்,
இருபத்தாறு வருஷம்.
களி கிண்டக் குந்துவாள்.
எழும்போது முட்டியில் கை ஊன்றி
அய்யோ சாமி என்பாள்.
அது வலி என்று எனக்குத் தெரியாது,
எழுந்திருப்பதின் சத்தம் என்றே நினைத்திருந்தேன்.

அடுத்த முகாமுக்கு வா என்றால்
"பேரில்லாத வலி கூடவே வேலைக்கு வரும்,
பேர் வச்சுட்டா அதுக்குப் பாய் போடணும்"
என்கிறாள்.

சின்னவள் மட்டும்
பள்ளிக்கூடத்தில் பல் பார்த்த நாளிலிருந்து
வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள்.
அந்தப் பழுப்புக் கோடு
பெண் பார்க்கப் போன அன்றைக்கு
பச்சியம்மாள் சிரிப்பிலும் இருந்தது.
நம்ம ஊர்ப் பல்லு என்று
எல்லோருக்கும் திருப்தி.

நாலாவது பைப்புக்குப் பெயிண்ட் போதவில்லை,
கைப்பிடிக்கு மட்டும் அடித்தேன்.
குனிந்தவன் கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன்.
வலித்ததா,
வலிக்கும் என்று நின்றேனா.

திரும்பி வரும்போது
எங்கள் தெருப் பைப்படியில் பச்சியம்மாள்.
ஒகேனக்கல் தண்ணீர் நாளைக்குத்தான்.
"இன்னும் காயலையே" என்றாள்.
முந்தானையைக் கைப்பிடியில் சுற்றிக்கொண்டு
அடிக்க ஆரம்பித்தாள்.
ஒவ்வொரு அடிக்கும் அவள் தோளைப் பார்த்தேன்.
குடம் நிரம்பும்வரை
எனக்கு வலித்தது.