முழங்கை

உப்பனாற்றுப் பக்கம் எங்கள் தெரு.
போர் போட்டவர் நாற்பது அடியில் கண்டதை
தண்ணீர் என்றே சொல்லலாம்,
அதில் டீ போடாதவரை.

குளியலறைக் குழாய்க்கு வயது ஏழு.
வாயில் வெள்ளை பூத்து
கழுத்தில் பச்சை படிந்து
மூன்று சுற்று சுற்றினாலும்
கடைசியாய் ஒருமுறை
கோபமாய் அழுத்தினால்தான் அடங்கும்.
வாஷர் மாற்றிய தேதிகளைத் தணிகாசலம்
காலண்டரில் எழுதி வைத்திருந்தார்,
சிலிண்டர் வந்த தேதிகளுக்குக் கீழே.

ஞாயிறு பதினொரு மணி, லாரன்ஸ் ரோடு.
கடைச் சுவர் முழுக்கக் குழாய்கள்,
பலகையில் வரிசையாய்
எல்லாம் பளபள.
ஒன்றிலும் தண்ணீர் இல்லை.
தண்ணீர் வராத இடத்தில்
எல்லாக் குழாயும் நல்ல குழாய்தான்.

ஹபீபுல்லா பாய் ஒவ்வொன்றாய்க் கழற்றி
என் உள்ளங்கையில் வைத்தார்.
"இது பித்தளை, கனத்தைப் பாருங்க.
இது வெறும் பூச்சு.
முதுநகர் தண்ணி மூணு மாசம் பட்டா
பல்லிளிச்சிரும்."
பல்லிளித்த ஒன்றை
கல்லாவுக்குக் கீழிருந்து எடுத்தும் காட்டினார்,
யாரோ திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனது.
விற்கிறவர் தன் தோல்வியை
இழுப்பறையில் வைத்திருந்தது
எனக்குப் பிடித்தது.

தணிகாசலத்துக்கு ஒரு கறுப்புக் குழாய்மேல் கண்.
தண்ணீர் அருவிபோல் பட்டையாய் விழுமாம்.
நாங்கள் அருவிக்குப் போய்ப் பதினோரு வருடம்.
விலை அட்டையைத் திருப்பிப் படித்தார்.
அப்படியே மெல்ல
மறுபடி திருப்பி வைத்தார்,
தூங்குகிற பிள்ளையைப் புரட்டிப் போடுவதுபோல.

நான் கையிலிருந்த காய்கறிப் பைகளைக் கீழே வைக்காமல்
முழங்கையால் தட்டிப் பார்த்துக்கொண்டே போனேன்.
உருண்டைத் தலை வழுக்கியது.
நட்சத்திரத் தலை அசையவே இல்லை.
இரண்டாம் வரிசைக் கோடியில்
நீளக் காம்பு வைத்த ஒன்று
கால் சுற்றில் திரும்பி நின்றது,
சொன்னதும் புரிந்துகொண்டவர்போல.

"கையில அடியாம்மா?" என்றார் பாய்.

இல்லை.
அரசு ஆஸ்பத்திரி, ஆபரேஷன் தியேட்டர்.
பதினெட்டு வருடமாய்
கை கழுவும் குழாயைக் கையால் தொட்டதில்லை.
விரல்நுனி மேலே,
தண்ணீர் முழங்கை வழியே கீழே.
கழுவிய கை எதையும் தொடக்கூடாது.
ஒரு தட்டு, திறக்கும்.
ஒரு தட்டு, மூடும்.
வீட்டுக்கு வந்தால் அதே கை
மூன்று சுற்று,
நான்காவதாய் ஒரு கோபம்.

இவ்வளவும் நான் சொல்லவில்லை.
"பழக்கம், பாய்" என்றேன்.

தணிகாசலம் அருவியை விட்டுவிட்டு வந்து
தானும் முழங்கையால் ஒரு தட்டு தட்டினார்.
எலும்பில் பட்டுச் சுளீரென்றது.
கடைப்பையன் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தான்.
ஆயிரத்து எண்ணூற்று ஐம்பது.
டெஃப்லான் டேப் சும்மா.

திங்கள் வருகிறேன் என்ற சகாயம்
புதன் வந்தார்.
பழையதைத் திருகியபோது
சுவருக்குள் மரை உடைந்தது,
மரையோடு ஒரு டைல்ஸ்.
நீலப்பூ போட்ட அந்த டிசைன்
இப்போது எங்கேயும் இல்லையாம்.
குழாய் வாங்கப் போனவர்கள் இரண்டு நாளாய்
டைல்ஸ் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறோம்.
பூ இருந்த இடத்தில் இப்போது
சிமென்ட்டும் சகாயத்தின் கட்டைவிரல் ரேகையும்.

வெள்ளி, நைட் டூட்டி முடிந்து வந்தேன்.
விடியற்காலை இரண்டு கேஸ்.
வெளிச்சம் போடாமலே உள்ளே போனேன்,
முழங்கை தானாய் எழுந்தது,
ஒரு தட்டு.
வந்தது, அதே உப்புத் தண்ணீர்.
சோப்பு நுரைக்கவில்லை.
எப்படியோ கழுவி
ஒரு தட்டில் மூடி
கைகளை நெஞ்சுக்கு நேரே தூக்கிப் பிடித்து
திரும்பி நின்றேன்.

துண்டு நீட்ட யாரும் இல்லை.
அடுத்த அறையில் தணிகாசலத்தின் குறட்டை.
சொட்டும் கைகளோடு
கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன்.

அப்புறம் முந்தானையில் துடைத்துக்கொண்டேன்.
குழாயின் வாயோரத்தில்
அதற்குள் ஒரு வெள்ளைப் புள்ளி.
அதையும்.