ஒரு கோடு மின்சாரம்

ஐந்து பேர், ஐந்து மின்சைக்கிள்.
முன்னால் யெர்னேய், வழிகாட்டி,
போஹின் ஏரியின் ஆழத்தை
மூன்றாவது தடவையாகச் சொல்லிக்கொண்டு போகிறான்.
கடைசியில் நான், பிரேக்கில் விரல் வைத்தே பழகியவள்.

மேடு வந்தால் முதுகில்
யாரோ உள்ளங்கை வைத்ததுபோல் ஓர் உந்தல்.
பல் மருத்துவர் விதா முதல் மேட்டில்
திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தார்.
நான்தான் இருந்தேன், வெகுதூரத்தில்.

புல் காயப்போட்ட மரச்சட்டங்கள்.
கரைக்கல்லில் ஈரக்காலோடு ஒரு பையன்
எங்களை அவன் மொழியில் எண்ணுகிறான்:
ஏன, த்வே, த்ரி...
என்னிடம் வருமுன் சலித்து
கல்லெறியப் போய்விட்டான்.

கடைசி ஏற்றம்.
விதாவின் திரையில் ஒரே ஒரு கோடு மின்சாரம்.
பிறகு அதுவும் இல்லை.
யெர்னேய் தன் வண்டியை அவரிடம் நீட்டிவிட்டு
செத்துப்போன இருபத்தைந்து கிலோவை
எழுந்து நின்று மிதித்தான்.

பேச மூச்சில்லை அவனுக்கு.
அதனால் கேட்டது
மேலே எங்கோ மாட்டுமணி,
சங்கிலியின் முனகல்,
கல்லைத் தொட்டுத் தொட்டு விலகும் தண்ணீர்.

உச்சியில் இறங்கி
முழங்காலில் கையூன்றிக் குனிந்தவன்
"நாற்பத்தைந்து மீட்டர்" என்றான்,
யாரும் கேட்காமலே.