மூன்று பலகை மிச்சம்

கார்த்திகை பிறந்து ஒன்பதாம் நாள்.
அரிச்சந்திரா ஆற்றின் தென்கரையில்
மணல்மூட்டைக்குக் காவல் பதினோரு பேர்.
எதிர்க்கரையிலும் டார்ச் வெளிச்சம்,
எங்களுடையதைப் போலவே கொட்டாவி.
"தூக்கம் கலையுற மாதிரி ஏதாச்சும் சொல்லுங்க சார்"
என்றான் உத்திராபதி.
மன்னார்குடிக் கல்லூரியில் கௌரவ விரிவுரையாளன் நான்,
கௌரவம் பெயரில் மட்டும்.
காலையில் நடத்திய பாடம் நாக்கில் இருந்தது.

ஹான் என்று ஒரு நாடு, என்றேன்.
பேரரசு இல்லை, அது பின்னால் வந்தது, எழுத்தே வேறு.
இது முதலில் நாடுகூட இல்லை.
ஜின் ராஜ்யத்தில் ஆறு மிராசுக் குடும்பங்கள்,
அதில் இரண்டு ஏற்கெனவே காலி.
மிச்சத்தில் பெரிய கை ஜிபோ.
அவன் ஒருத்தன் கோட்டையை வளைத்துக்கொண்டு
ஆற்றைத் திருப்பி உள்ளே விட்டான்.
மதில் முங்க மூன்று பலகைதான் மிச்சம்.
அடுப்புக்குள் தவளை குஞ்சு பொரித்ததாம்.

சிரித்தார்கள்.
அமிர்தவல்லி மட்டும் சிரிக்கவில்லை.
போன மழையில் அவள் அடுப்பில் குரவை மீன்.

ஜிபோ தேரில் நின்று பார்த்தான்.
கூடவே கூட்டாளிகள், ஹானும் வெய்யும்.
"தண்ணீரால் ஒரு நாட்டைக் கொல்லலாம்,
இன்றைக்குத்தான் தெரிந்தது" என்றான்.
வெய் முழங்கையால் ஹானை இடித்தான்.
ஹான் வெய்யின் கால்விரலை மிதித்தான்.
ஒரு சொல் இல்லை.
அவர்கள் ஊரிலும் ஆறு ஓடியது.
ராத்திரி கரைக்காவலைத் தீர்த்துவிட்டு
மறுபக்கம் வெட்டிவிட்டார்கள்.
விடிந்தபோது ஜிபோவின் பாளையம் ஏரி.
ராஜ்யத்தை மூன்று பங்காய்ப் பிரித்தார்கள்.
ஹான் நாடானது.

அங்கே நிறுத்தியிருக்கக்கூடாது.

செல்லக்கண்ணுவின் விலாவுக்கு
ஒரு முழங்கை போய்வந்ததைப் பார்த்தேன்.
ஒன்றரை மணிக்கு
இரண்டு மண்வெட்டிகளைக் காணோம்,
கரையோரம் கட்டிக் கிடந்த வாழைமரத் தெப்பத்தையும்.
நான் கைபேசியில் மழை நிலவரம் பார்த்தேன்.
பார்த்ததையே திரும்பவும் பார்த்தேன்.
மூன்று மணிக்கு ஆறு ஒரு சாண் இறங்கியது.
வடகரையில் நாய்கள்.
பிறகு ஆட்கள்.

ஒரு கன்றுக்குட்டி, முந்நூறு மா சம்பா.
மனுசாள் யாரும் போகவில்லை என்று
மூன்று நாள் பேப்பர் பார்த்து உறுதி செய்துகொண்டேன்.

வடகரைக்கு மந்திரி வந்தார், வேட்டியை மடித்துக் கட்டி.
நிவாரணம் வந்தது. பொக்லைன் வந்தது.
ஒன்றரை மைலுக்குக் கான்கிரீட் சுவர்,
எட்டுக் கண் மதகு, புது வடிகால்.
அவர்கள் வயலில் இப்போது குறுவையும் ஏறுகிறது.
ஆறு அந்தப் பக்கம் சாய இடமில்லாமல்
எங்கள் மண்கரைமேல் சாய்கிறது.

இந்தக் கார்த்திகையில்
முழங்கால் தண்ணீரில் நின்று,
அழுகிய பயிர் ஒரு கொத்தைக் கையில் வைத்துக்கொண்டு
உத்திராபதி கேட்டான்:
"அந்த ஹான் அப்புறம் என்ன ஆச்சு சார்?"

இருநூறு வருஷம் இழுத்தது, என்றேன்.
மேற்கே சின் என்று ஒன்று வளர்ந்தது.
ஹானுக்குப் பயம்.
ஓர் எஞ்சினியரை அனுப்பியது, பெயர் செங்குவோ.
பெரிய வாய்க்கால் வெட்டச் சொல்லி ஆசை காட்டு,
ஆளும் காசும் மண்ணுக்குள் போகட்டும்,
படை நகராது.
பாதி வெட்டும்போது குட்டு உடைந்தது.
கத்திக்கு முன்னால் நின்று அவன் சொன்னான்:
"உளவாளிதான். ஹானுக்கு நாலு வருஷம் வாங்கித் தந்தேன்.
ஆனால் வெட்டி முடித்தால் தண்ணீர் உங்களுக்குத்தான்."
முடிக்கச் சொன்னார்கள்.
உவர் மண்ணெல்லாம் விளைந்தது.
வயிறு நிறைந்த படை கிளம்பியது.
ஆறு நாடுகளில்
முதலில் விழுந்தது ஹான்.

வடகரைச் சுவரை அவன் கொஞ்ச நேரம் பார்த்தான்.
அதன்மேல் ஒரு பையன் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தான்.

"அந்த எஞ்சினியர்?"
"வாய்க்காலுக்கு அவன் பேரைத்தான் வச்சாங்க."
"நம்ம வாய்க்காலுக்குப் பேரே கிடையாது சார்,"
என்று பயிரைத் தண்ணீரில் விட்டான்.
அது நகரவில்லை.
டீசல் என்ஜினுக்குக் கயிறு சுற்றப் போனான்.
மூன்றாவது இழுப்பில் எடுத்தது.