இரண்டரை சதவீதம்

வெட்டுக்கத்தி தொங்கிய ஆணியில்
இப்போது ஒரு பை தொங்குகிறது.
இரண்டு லிட்டர். பார்க்கத் தண்ணீர்தான்.
மூடி பச்சையென்றால் சர்க்கரை இரண்டரை சதவீதம்,
மஞ்சளென்றால் அதற்கும் குறைவு,
சிவப்பைத் தொடுமுன் நர்ஸ் ஒந்தினாவைக் கேட்க வேண்டும்.

ஜன்னலைச் சாத்தி, விசிறியை நிறுத்தி,
முழங்கைவரை சோப்புப் போட்டு
நாயை வெளியே துரத்துகிறாள் எர்லிண்டா.
சேவலிடம் மட்டும் யாராலும் பேச முடியவில்லை.

கரும்பு தின்னக் கூலியா என்பார்கள்.
வெட்டக் கூலி உண்டு, டன் கணக்கில்.
சினாந்தேகா சமவெளியில் பதினேழு அறுவடை,
முந்தின இரவு எரித்த வயலின் சூடு காலுக்கடியில்.
தண்ணீர் குடிக்க நின்றவன்
வரிசையில் பின்தங்குவான், நான் நிற்கவில்லை.
கறுப்புக் காப்பி நிறத்தில் சிறுநீர் போன நாளுக்கு
மறுநாளும் போனேன்.
பிறகு ரத்தம் எடுத்தார்கள். ஒரு எண் கூடியிருந்தது.
அடுத்த பட்டியலில் என் பெயர் இல்லை.

பைகள் வந்த அட்டைப்பெட்டியைக் கிழித்து
ஒந்தினா ஒரு செல் வரைந்தாள்.
நடுவே கரு. அங்கங்கே மைட்டோகாண்ட்ரியா,
அணையாத அடுப்புகளாம்.
சுற்றிலும் இரண்டு வரிசைக் கொழுப்பு,
தலைகள் தண்ணீர்ப் பக்கம், வால்கள் உள்ளுக்குள்.
எனக்கு அது நடவாகத்தான் தெரிந்தது:
இரு பாத்தி, வேர்கள் எதிரெதிர் திசையில்,
நடுவில் தோகையும் தோகையும் உரச.

ஆக்சிஜன் கேட்காமல் நுழையுமாம்.
தண்ணீருக்குத் தனி வாசல்,
ஒன்றன்பின் ஒன்றாக, சம்பள நாள் ஜன்னல் மாதிரி.
இன்னொரு கதவில் ஒருவன் நிற்கிறான்:
மூன்று சோடியத்தை வெளியே தள்ளி
இரண்டு பொட்டாசியத்தை உள்ளே இழுக்கிறான்,
ஒவ்வொரு முறைக்கும் ஒரு ஏடிபி கூலி.
அவனுக்கு ஞாயிற்றுக்கிழமை உண்டா, கேட்டேன்.
இல்லை என்றாள்,
சிரிக்கவில்லை.

அதனால்தான் எர்லிண்டா வாழைக்காயை
இரண்டு முறை வேகவைக்கிறாள்,
இரண்டு முறையும் தண்ணீரைக் கொட்டுகிறாள்.
என்னைக் கொல்லக்கூடியது
அந்தத் தண்ணீரோடு போகிறது. ருசியும்தான்.

என் வயிற்றுக்குள் ஒரு சவ்வு.
விரித்தால் ஒரு சின்ன மேசையை மூடும்.
ஐம்பது வருஷம் அது இருப்பதே தெரியாது,
இப்போது இரண்டு சிறுநீரகத்தின் வேலையும் அதற்கு.
இனிப்புத் தண்ணீர் ஒரு பக்கம், என் ரத்தம் மறுபக்கம்.
சர்க்கரை எங்கே கூடவோ அங்கே நீர் போகும்,
யாரும் தள்ள வேண்டாம், என்றாள் ஒந்தினா.
கூடவே கழிவும் கசிந்து இறங்கும்.

தெரியும் என்றேன்.
மலையில் சோளம் காய்ந்த வருஷம்
நானும் தம்பி பிதென்சியோவும் இறங்கினோம் இங்கே.
யாரும் தள்ளவில்லை.

தம்பிக்குப் பை வரவில்லை.
அவன் காலத்தில் கால் வீங்கும், மூச்சு வாங்கும்,
பாதிரியார் வருவார்.

போன வாரம் ஒரு இரவு அசந்து தூங்கிவிட்டேன்.
மணிக்கணக்கில் உள்ளே கிடந்த சர்க்கரை
மெல்ல மெல்ல ரத்தத்துக்குள் போய்
இழுக்கத் தெம்பில்லாமல் ஆகியிருக்கிறது.
கொடுத்த நீரை உடம்பு திரும்ப எடுத்துக்கொண்டது.
வடித்தபோது ஒன்று புள்ளி ஒன்பது லிட்டர்.
விடியும்போது செருப்பு ஏறவில்லை.

டன் கணக்கு எழுதிய அதே நோட்டுப் புத்தகம்,
பாதிக்குமேல் வெற்றுத் தாள்.
உள்ளே இரண்டு. வெளியே எவ்வளவு.
அந்த நானூறு மில்லிக்காகத்தான்
நாளைக்கு நான்கு தடவை இத்தனை சடங்கும்.

இன்று விடிகாலை ஆலைச் சங்கு ஊதியது.
சாம்பல் பறந்து வந்து
சாத்திய ஜன்னலின் வெளிப்பக்கம் ஒட்டுகிறது.

வடிந்த பை தரையில், இளமஞ்சள், வெதுவெதுப்பாக.
கலங்கியிருந்தால் கிருமி.
பின்னால் செய்தித்தாளைப் பிடித்துப் பார்க்க வேண்டும்,
எழுத்து படிக்க வந்தால் பயமில்லை.
எர்லிண்டா பிடித்தாள்.
சத்தமாகப் படித்தேன்:
கரும்பு வெட்ட ஆட்கள் தேவை,
பதினெட்டு வயது நிரம்பியவர்கள்,
சொந்தக் கத்தியோடு வரவும்.

தெளிவு, என்று எழுதினேன்.
இரண்டு புள்ளி நான்கு.